உமி போகும் வாசல்

மகன், வருகிற வெள்ளிக்கிழமை நிகாஹ் முடிந்ததும் நீ இந்த வீட்டை விட்டுப் போய்விடுவாய். வேறு ஊர்களில் மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு உம்மாக்கள் அழுவார்களாம். நம் கரையோரத்தில் மகனை அனுப்பிவிட்டு அழ வேண்டும். வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை அந்த வீட்டுக்குப் போகிறவர். இது தெரிந்தேதான் உன்னைப் பெற்றேன், வளர்த்தேன். இருந்தாலும் உன் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைக்கும்போது கை மெதுவாகத்தான் போகிறது. இவற்றையெல்லாம் நேரில் சொல்லலாம். ஆனால் எனக்கு நேரில் பேச வராது. வகுப்பறையில் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பொருளாதாரம் படிப்பிக்கிற நான், சொந்த வீட்டு ஹோலில் நாலு பேர் இருந்தால் தேநீர்த் தட்டை வைத்துவிட்டுத் திரைச்சீலைக்குப் பின்னால் போய்விடுகிறவள். அதனால் எழுதுகிறேன். உன் பெட்டிக்குள் வைக்காமல் பத்திரிகைக்கு அனுப்புவதற்கும் காரணம் இருக்கிறது. பெண் பிள்ளைக்கு வீடு கட்டுகிறவர்களும் மில் போடுகிறவர்களும் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களும் வாசிக்கட்டும்.

போன வாரம் உன் மாமனார் ஆகப்போகிறவர் அக்கரைப்பற்றிலிருந்து வந்திருந்தார். அஸர் தொழுகை முடிந்து எல்லாரும் ஹோலில் இருந்தீர்கள். புதிதாக ஒரு நெல் மில் போடப்போவதாகவும், இந்தப் பக்கத்தில் இருக்கிற எந்த மில்லையும் விட அது பெரிதாக இருக்கும் என்றும், பொறியியல் படித்த மாப்பிள்ளைதான் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அவர் சொன்னார். உன் வாப்பாவின் முகம் மலர்ந்தது. எனக்கும் சந்தோஷம்தான். நீ கோப்பையைக் கீழே வைத்தாய். உன் வலது கால் விரல், சின்ன வயதிலிருந்து செய்கிற மாதிரியே, தரையில் இருக்கும் அந்த வெடிப்பின் மேல் போய் நின்றது. "உமி எங்க போகும் மாமா?" என்று கேட்டாய்.

அவர் சிரித்துவிட்டார். "நெல்லு எங்க இருந்து வரும் எண்டு கேக்கிற ஆக்களத்தான் நான் கண்டிருக்கன். இவரு உமிக்கு வழி கேக்கிறாரு!" எல்லாரும் சிரித்தார்கள். நீ மட்டும் சிரிக்காமல் மரியாதையாகச் சொன்னாய்: "நெல்லு தானா வந்து சேரும் மாமா. உமி தானாப் போகாது." அவர் "யோசிப்பம், யோசிப்பம்" என்று எழும்பிப் போய்விட்டார். அவர் போனபின் உன் வாப்பாவின் தங்கச்சி, உன் மாமி, என்னிடம் வந்து, "என்னகா இது, பொண்ணு குடுக்கிற மனிசன்ட முகத்துக்கு நேரா இப்புடியா கதைக்கிற? கலியாணமே நிண்டா என்ன செய்வ?" என்று கேட்டாள். திரைச்சீலைக்குப் பின்னால் நின்று நான் அழுதுகொண்டிருந்ததை அவள் பயம் என்று நினைத்திருப்பாள். பயம் கொஞ்சம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது பெருமையில் வந்த கண்ணீர் மகன். நீ கேட்ட கேள்வி எங்கிருந்து வந்தது என்று உனக்கே முழுதாகத் தெரியாது. அந்த வெடிப்பில் கால் வைத்து வளர்ந்தாயே தவிர, அது எப்படி வந்தது என்று நாங்கள் உனக்கு உட்கார்ந்து சொன்னதில்லை.

என் வாப்பா, உன் மூத்தாப்பா, முதலில் வைத்திருந்தது சின்ன மில். கடைத்தெருவுக்குப் பின்னால், தகரக் கூரை போட்டது. நம் பெண்கள் வீட்டிலேயே நெல்லை ஊறவைத்து அவித்து, முற்றத்தில் பாய் விரித்துக் காயவைத்து, சாக்கில் கட்டிக்கொண்டு வருவார்கள். குற்றி முடிந்ததும் அரிசி, தவிடு, உமி மூன்றையும் தனித்தனியே கட்டிக்கொண்டு போவார்கள். தவிடு கோழிக்கு. உமி அடுத்த தடவை நெல் அவிக்கும் அடுப்புக்கு. சாம்பல் சட்டி துலக்கவும் நாற்றுமேடைக்கும். அந்த மில்லுக்குப் பின்வாசல் என்று ஒன்றே இருக்கவில்லை. வெளியே தள்ள எதுவும் மிஞ்சாத இடத்துக்குப் பின்வாசல் எதற்கு? அதற்காக அதை ஒரு சொர்க்கம் என்று நினைத்துவிடாதே. அது மெதுவான மில். இயந்திரத்தின் பட்டி அடிக்கடி கழன்று விழும். அரிசியில் பாதி நொய்யாகப் போகும். சொறிக்கல்முனையிலிருந்தும் சாகாமத்திலிருந்தும் நெல் கொண்டு வந்தவர்கள், வண்டி மாட்டை அவிழ்த்துவிட்டு, காலையிலிருந்து பின்னேரம் வரை வெயிலில் காத்துக் கிடப்பார்கள். கைக்குழந்தையோடு வந்த பெண்கள் படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

நான் கெம்பஸ் முடித்து ஊருக்கு வந்தது எழுபதுகளின் கடைசியில். எங்கள் குடும்பத்தில் ஆணிலும் பெண்ணிலும் முதல் பட்டம் அதுதான். அந்த நேரத்தில் வெளிநாட்டுச் சாமான்களுக்கு நாட்டின் கதவுகளைத் திறந்துவிட்டிருந்தார்கள். கல்முனைக் கடைகளில் புதிய புதிய இயந்திரங்கள் வந்து நின்றன. வயல்களில் உழவு இயந்திரங்கள் பெருகின. பசளை போட்டு விளைந்த நெல், சின்ன மில்லின் முன்னால் மலையாகக் குவிந்தது. வாப்பாவும் என் மாமாவும், அதாவது என் உம்மாவின் தம்பியும், சேர்ந்து பெரிய மில் ஒன்று போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர் நியமனம் வரும் வரை நான் வீட்டில்தான் இருந்தேன். ஒருநாள் வாப்பா என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்ச வா மகள். நீ படிச்ச படிப்பு இதுக்கு என்ன சொல்லுது?"

நான் என் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "பெரிசாப் போட்டா ஒரு மூட்டைக்கு விழுற செலவு குறையும் வாப்பா."

"எப்புடி?"

"காவல்காரன் சின்ன மில்லுக்கும் ஒராள்தான், பெரிய மில்லுக்கும் ஒராள்தான். அந்தச் சம்பளம் நிறைய மூட்டைக்கு மேல பிரிஞ்சு விழும். இயந்திரமும் அப்புடித்தான், கூரையும் அப்புடித்தான்."

வாப்பா மாமாவைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. "கேட்டீங்களா மச்சான்? நாம ஒரு மாசமா அடிபட்டுக் கதைச்சத இவ ஒரு மூச்சுல சொல்லிட்டா." மாமா, "படிச்ச புள்ள, நிலத்தப் பாத்துக்கிட்டுச் சொன்னாலும் சரியாத்தான் சொல்லுது" என்றார். பேரளவுச் சிக்கனம் என்று பாடப் புத்தகத்தில் அதற்குப் பெயர். நான் சொன்னதில் பிழை இல்லை. இன்றைக்கும் அதைத்தான் வகுப்பில் படிப்பிக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு இன்னொரு பாடமும் படிப்பிக்கிறேன். அந்த இரண்டாவது பாடம் எனக்குக் கிடைத்த கதைதான் இது.

பெரிய மில் எழும்பியது. நெல் அவிக்கத் தொட்டிகளும் கொதிகலனும் கொழும்பிலிருந்து வந்து பூட்டினார்கள். லொறிகள் வரிசையில் நின்றன. காத்துக் கிடந்தவர்கள் தேநீர் குடித்து முடிக்கும் முன் அரிசியோடு திரும்பினார்கள். ஊரில் அரிசி மலிந்தது. வாப்பா கடைத்தெருவால் நடந்தால் மரியாதை. அவர் பெருமையில் நான் பங்கு கேட்கவில்லை; ஆனால் எனக்கும் அது இருந்தது. அந்தக் காலத்தில்தான் மில்லுக்கு முதல்முறையாக ஒரு பின்வாசல் வந்தது. இரவும் பகலும் அதனால் உமி போய்க்கொண்டே இருந்தது. நெல்லை லொறிக்கணக்கில் கொண்டு வருகிறவர்கள் உமியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகமாட்டார்களே. கச்சான் காற்றுக் காலத்தில் உமி பறந்து தெரு முழுவதும் படியும். மில்லுக்கு அடுத்த வீட்டு ராத்தா என்னைக் கண்டால், "வாகா, உங்கட வாப்பாட புண்ணியத்துல எங்கட புட்டுக்குத் தேங்காப்பூ தேவையில்ல" என்பாள். நான் தலையைக் குனிந்துகொண்டு போவேன். இதில் நம்ப முடியாத இன்னொன்று: கொதிகலன் விறகுக்கென்று பூட்டப்பட்டிருந்ததால், மேற்கே காட்டுப் பக்கத்திலிருந்து லொறி லொறியாக விறகு வாங்கிக்கொண்டிருந்தோம். முன்வாசலால் விறகு வரும், பின்வாசலால் உமி போகும். அதை ஒருவரும் வினோதமாகப் பார்க்கவில்லை.

இப்போது சொல்லப்போவது நம் கரையோரத்து மனிதர்கள் மட்டுமே செய்யக்கூடிய காரியம். பெண் பிள்ளை பிறந்தால் அவளுக்கு ஒரு வீடு வேண்டும். இரண்டு பேர் பிறந்தால் இரண்டு வீடு. கடலுக்கும் வயலுக்கும் நடுவே நமக்கு இருக்கும் நிலமோ ஒரு கீற்று. மேட்டுக் காணி முடிந்துவிட்டால், மழைத் தண்ணீர் கடலுக்கு வடியும் தோணாவின் கரையில் இருக்கும் பள்ளக் காணிதான் மிச்சம். எனக்கென்று வாப்பா வாங்கி வைத்திருந்ததும் அப்படி ஒன்றுதான். அதை நிரப்ப மண் வேண்டும், மண்ணுக்கு எங்கே போவது? மாமாதான் சொன்னார்: "மச்சான், மண் எதுக்கு? மலை மாதிரி உமி கிடக்கு." உமியைக் கொட்டி, மிதித்து இறுக்கி, மேலே கடல் மணலைப் போட்டார்கள். பார்த்தால் நல்ல மேட்டு நிலம். அதைக் கண்டதும் பெண் பிள்ளை பெற்ற வாப்பாமார் எல்லாரும் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். வாப்பா ஒருவரிடமும் ஒன்றும் வாங்கவில்லை. "கொண்டு போங்க, நம்மட புள்ளையளுக்குத்தானே" என்று கொடுத்தார். மில்லில் தேங்கியது போய்விட்டது, பிள்ளைகளுக்கும் நிலம் கிடைத்தது. ஊரே அவருக்காகத் துஆச் செய்தது. தோணா இரண்டு பக்கமும் ஒடுங்கிக்கொண்டு வந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஒருவர் மட்டும் நிரப்பியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அத்தனை பெரிய மில் இருந்ததால்தான் அத்தனை பேரால் நிரப்ப முடிந்தது.

அந்த மேட்டில் கட்டிய வீட்டுக்குத்தான் உன் வாப்பா மாப்பிள்ளையாக வந்தார். சீமெந்துத் தரை கண்ணாடி மாதிரி இருக்கும். நல்ல மழை இல்லாத வருடங்களில் அது அப்படியே இருந்தது. பிறகு ஒரு மாரி வந்தது. வயல் பக்கத்துத் தண்ணீரெல்லாம் தோணாவுக்கு வந்து, போக வழி இல்லாமல் தெருவுக்குள் ஏறியது. கீழ்த்தெருவில் கட்டிலை மேசைமேல் ஏற்றிப் பிள்ளைகளை அதில் இருத்தினார்கள். தண்ணீர் வடிந்த பிறகுதான் எங்கள் வீட்டில் சத்தம் கேட்டது. அலுமாரி ஒரு பக்கமாகச் சரிந்தது. ஹோலின் வாசற்படியிலிருந்து ஜன்னல் வரை தரை வெடித்தது. கீழே உமி ஊறி, மக்கி, உட்கார்ந்துவிட்டது. நீ அப்போது வயிற்றில். வீட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமல் நான் ஒவ்வொரு அடியையும் பார்த்து வைத்தேன்.

அதே வாரம்தான் வாப்பாவும் மாமாவும் மில்லை இன்னும் பெரிதாக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் உம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். மாமா என்னைக் கண்டதும் பழைய பழக்கத்தில், "என்ன மகள், இன்னும் பெரிசாப் போட்டா மூட்டைக்கு விழுற செலவு இன்னும் குறையுமா?" என்று கேட்டார். பகிடியாகத்தான் கேட்டார். நான் நிலத்தைப் பார்த்தேன். பிறகு, என் வாழ்க்கையில் முதல்முறையாக, நிமிர்ந்து வாப்பாவின் முகத்தைப் பார்த்தேன்.

"வாப்பா, அந்த மூட்டைக் கணக்குல என்ட வீட்டயும் சேத்தீங்களா?"

"என்ன சொல்லுற?"

"ஓம் வாப்பா. என்ட வீட்டுத் தரை, கீழ்த்தெரு ஆக்கள்ட கட்டில், ராத்தாட புட்டு. இதெல்லாம் மூட்டைக்கு விழுற செலவுதான். நாம குடுக்கல்ல, அவ்வளவுதான். வேற ஆக்கள் குடுக்கிறாங்க."

மாமா எழும்பி, "உமிய ஊருக்கே சும்மா குடுத்த மனிசனப் பாத்துக் கேக்கிற கேள்வியா இது?" என்று சத்தம் போட்டார். வீட்டுக்கு வந்து உன் வாப்பாவிடம் சொன்னேன். "கதைச்சதா? நீயா?" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார்.

சில நாட்கள் வாப்பா எங்கள் பக்கம் வரவில்லை. பிறகு ஒரு காலையில் வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, வெடிப்பு வழியே வெறும் காலால் மெதுவாக நடந்தார். ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்தார். "இவ்வளவு பெரிய மில்லுல நான் ஒரு வாசலத்தான் பாத்திருக்கன் மகள். நெல்லு வாற வாசல்" என்றார். தரையை உடைத்து, மண் நிரப்பி, புதிதாகச் சீமெந்து போட்டுத் தருகிறேன் என்றார். நான் வேண்டாம் என்றேன். தோணா அடைபட்டிருக்கும் வரை எந்தத் தரையும் நிற்காது, முதலில் தண்ணீருக்கு வழி விட வேண்டும் என்றேன். அதற்குத் தோணாக் கரையை வெட்ட வேண்டும். கரையில் இருந்ததெல்லாம் மகள்மாரின் வீடுகள். எந்த வாப்பா தன் மகளின் சுவரில் கை வைப்பான்? எங்கள் வீட்டுக் குசினிதான் தோணாவுக்குள் ஆகக் கூடுதலாக நீட்டிக்கொண்டிருந்தது.

வாப்பா வெகுநேரம் அந்தக் குசினியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "முதல்ல இத உடைப்பம். மறுகாத்தான் நான் மத்தவன்ட வாசல்ல போய் நிக்கலாம். ஆனா வீடு உன்ட. நீ சொல்லணும்" என்றார். சீதனமாகக் கொடுத்த வீட்டை உடைக்க மகளிடம் அனுமதி கேட்கும் வாப்பாவின் குரல் எப்படி இருக்கும் என்று எழுத எனக்குத் தெரியவில்லை. நான் உன் வாப்பாவைப் பார்த்தேன். அவர், "குசினி இல்லாட்டியும் சோறு தருவாதானே?" என்று கேட்டார். நான் ஓம் என்றேன். அது சோற்றுக்கா சுவருக்கா என்று அவர்கள் கேட்கவில்லை. என் மாமியார் மட்டும், "குடுத்த சீதனத்த உடைச்சு எடுக்கிற சம்மந்தியார நான் இப்பதான் பாக்கிறன்" என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். முதல் அடியை வாப்பாவே அடித்தார். சுவர் விழுந்து தரை திறந்தபோது, கறுத்து ஊறிய உமி வெளியே வந்தது. கீழ்த்தெருக்காரர்கள் மண்வெட்டியோடு வந்து நின்றார்கள். அதற்குப் பிறகு இன்னும் சில வாப்பாமார் தங்கள் மதிலை உள்ளே எடுத்தார்கள். எல்லாரும் எடுக்கவில்லை. ஆனால் அடுத்த மாரியில் தண்ணீர் தெருவுக்குள் ஏறாமல் கடலுக்குப் போனது.

மில்லை வாப்பா மூடவும் இல்லை, சின்னதாக்கவும் இல்லை. இன்னும் பெரிதாக்குவதை மட்டும் விட்டுவிட்டார். அதற்கு வைத்திருந்த காசைக் கொண்டு கொதிகலனை உமியில் எரியும்படி மாற்றினார். நெல் கொண்டு வந்துவிட்டு வெறுமையாகத் திரும்பிய லொறிகளில், மிஞ்சிய உமியை மேற்கே வயல் பக்கத்தில் செங்கல் சுடுகிறவர்களுக்கு ஏற்றிவிட்டார். சாம்பல் வயலுக்குப் போனது. மூலையில் கிடந்த பழைய சின்ன இயந்திரத்தைத் துடைத்து, ஒரு சாக்கோடு வருகிற பெண்களுக்காகத் திரும்ப ஓடவிட்டார். மாமா, "பெரிய மில்லுக்குள்ள சின்ன மில்லா? ஊர் சிரிக்கும் மச்சான்" என்றார். ஊர் சிரித்தது. பிறகு யுத்தம் வந்து நாடு கெட்டது. பாதைகள் மூடப்பட்டு, காட்டு விறகு வராமல் மற்ற மில்கள் நின்ற நாட்களில், எங்கள் மில்லின் புகைபோக்கி மட்டும் புகைந்தது. அப்போது மாமாவே பின்வாசலில் நின்று வருகிறவர்களுக்கு உமியின் அருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நானோ வீட்டுக்குப் பின்னால் ஓலைக் கொட்டிலில், உமி அடுப்பில் சமைத்தேன். நீ வாயில் வைத்த முதல் சோறு அந்த அடுப்பில் வெந்தது.

இப்போது உன்னிடம் வருகிறேன். பெரிதாகச் செய்யப் பயப்படாதே. சின்னதெல்லாம் நல்லது, பெரிதெல்லாம் கெட்டது என்று நான் உனக்குச் சொல்லவில்லை. பசித்த ஊருக்குப் பெரிய பானை வேண்டும். ஆனால் மலிவாக ஒன்று கிடைக்கும்போது அதன் மிச்ச விலையை எந்த வீட்டில் யார் கொடுக்கிறார்கள் என்று போய்ப் பார். அந்த வீட்டில் தரை சரியாக இருக்கிறதா என்று பார். என் வீட்டுத் தரை வெடித்த பிறகு நான் கேட்ட கேள்வியை, நீ மில்லுக்கு அத்திவாரம் வெட்டும் முன்பே, புது மாப்பிள்ளையாக இருந்துகொண்டு, சிரிப்பவர்களுக்கு நடுவே கேட்டாய். குரலும் நடுங்கவில்லை. இதைவிட ஓர் உம்மாவுக்கு என்ன வேண்டும்?

நேற்று உன் மாமனார் தொலைபேசியில் அழைத்தார். நீ வெளியே போயிருந்தாய். நான்தான் பேசினேன். "மாப்பிள்ளையிட்டச் சொல்லுங்க, அத்திவாரம் வெட்ட விடல்ல. கலியாணம் முடியட்டும். அவரும் நானுமாப் போய் முதல்ல பின்பக்கத்தப் பாப்பம்" என்றார். அதன்பின் கொஞ்சம் தயங்கி, "இந்தக் கேள்வி அவருக்கு யார் சொல்லிக் குடுத்த?" என்று கேட்டார். "வீட்டுத் தரை" என்று மட்டும் சொன்னேன். அவருக்கு விளங்கியிருக்காது. நீ போய்ச் சொல்.

இந்த வீடு இனி உன் தங்கச்சிக்கு. தான் கலியாணம் முடித்ததும் ஹோலுக்கு டைல் போடப்போவதாகச் சொல்கிறாள். இத்தனை வருடம் நான் யாரையும் அந்த வெடிப்பைப் பூச விட்டதில்லை. இப்போது போடட்டும் என்று சொல்லிவிட்டேன். நீ அதை எடுத்துக்கொண்டு போகிறாய்.

உம்மா